மூன்று கிலோவை முந்நூறு கிராமாக்கியவர்



இன்று ஜூலை 27. 2015-ஆம் ஆண்டு இதே நாள் மாலையில், ஷில்லாங்கில் மாணவர்கள் முன்னால் பேசத் தொடங்கிய சில நிமிடங்களில் அப்துல் கலாம் மேடையிலேயே சரிந்தார். இரண்டு நாள் கழித்து அவர் உடல் நம் மதுரை விமான நிலையத்தில்தான் வந்து இறங்கியது. இங்கிருந்து ஹெலிகாப்டரில் மண்டபம். அங்கிருந்து சாலை வழியாக ராமேஸ்வரம். அன்றைக்கு நம்மில் பலர் வேலையைப் போட்டுவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தோம். சொந்த வீட்டுத் துக்கம் போலத்தான் இருந்தது.

குடியரசுத் தலைவர் கலாமைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கொடுத்த நேரத்தில் விமானப் பொறியாளர் கலாமைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர் தொழிலுக்கும் அவர் மனசுக்கும் இருந்த தொடர்பைச் சொன்னால் போதும் எனக்கு.

இளைஞர் கலாமுக்குக் குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. சேர ஆயிரம் ரூபாய் வேண்டும். வீட்டில் இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். தாய்மார்களே, அந்த வளையல் கழன்ற கை எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் சொந்தச் சம்பாத்தியத்தில் அந்த நகையை மீட்பேன் என்று தம்பி அன்றைக்கே உறுதி எடுத்துக்கொண்டார். தன் படிப்புக்காக இன்னொருவர் சுமந்ததை அவர் கடைசிவரை மறக்கவில்லை. அதனால்தான் தன் புத்தகத்தில் எழுதி வைத்தார்.

படித்தவர் பின்னாளில் ராக்கெட் வேலைக்கு வந்தார். ராக்கெட் செய்கிறவர்களுக்கு முதல் எதிரி எடை. கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி-3 ராக்கெட் 22 மீட்டர் உயரம், 17 டன் எடை. அவ்வளவு பெரிய ராக்கெட் விண்ணுக்குக் கொண்டுபோகக்கூடியது வெறும் 40 கிலோ. ஏன் தெரியுமா? எடையில் பெரும்பகுதி எரிபொருள். அந்த எரிபொருளைத் தூக்குவதற்கே இன்னும் எரிபொருள் வேண்டும். உச்சிக் கட்டத்தின் கூட்டில் ஒரு கிலோ கூடினால், செயற்கைக்கோளில் ஒரு கிலோவைக் குறைத்தாக வேண்டும். அந்த உச்சிக் கட்டமான நான்காம் கட்டத்தை வடிவமைக்கும் பொறுப்பு கலாமின் குழுவிடம் இருந்தது. உலோகத்தை விட்டுவிட்டு, இழைகளைப் பிசினில் தோய்த்துச் சுற்றி, லேசான, வலுவான கூடுகளைச் செய்யக் கற்றார்கள்.

1979 ஆகஸ்ட் 10 அன்று முதல் ஏவுதல் தோற்று, ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. அப்போது பத்திரிகையாளர்கள் முன்னால் போய் நின்று பழியை ஏற்றுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். மறு ஆண்டு ஜூலை 18 அன்று 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தபோது, 'நீ போய்ப் பேசு' என்று கலாமை முன்னால் அனுப்பினார். தலைமை என்றால் என்னவென்று அங்கே கற்றதாகக் கலாம் மேடைக்கு மேடை சொன்னார்.

இனிதான் நான் சொல்ல வந்த கதை. ஹைதராபாத். கலாம் ஏவுகணை வேலையில் இருக்கிறார். அக்னி ஏவுகணை காற்றுமண்டலத்துக்குள் திரும்பி நுழையும்போது மூக்குப் பகுதி மூவாயிரம் டிகிரி வெப்பத்தைத் தாங்க வேண்டும்; அதற்கென்று கார்பன் இழையில் ஒரு பொருள் செய்கிறார்கள். நிஜாம் மருத்துவ நிறுவனத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வருகிறார். அந்தப் பொருளைக் கையில் தூக்கிப் பார்க்கிறார். இவ்வளவு லேசா! கலாமைக் கையோடு தன் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார்.

அங்கே சின்னப் பிள்ளைகள். கால் விளங்காத பிள்ளைகளுக்கு மாட்டியிருக்கும் இரும்புக் காலிப்பர் ஒவ்வொன்றும் மூன்று கிலோவுக்கு மேல். இந்த முன்வரிசைப் பிள்ளையின் காலில் ஒரு பூசணிக்காயைக் கட்டிவிட்டு நடக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அந்தப் பிள்ளைகள் காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். மருத்துவர் கேட்டது ஒன்றுதான்: இவர்கள் வலியைக் குறைக்க முடியுமா?

அது என் துறை இல்லை என்று கலாம் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நாட்டின் பாதுகாப்பு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஆனால் மூன்றே வாரத்தில் முந்நூறு கிராமில் புதிய காலிப்பர் தயாரானது. போட்டுக்கொண்ட பிள்ளைகளால் நம்பவே முடியவில்லை. பெற்றவர்கள் கண்ணில் தண்ணீர். தன் வாழ்வின் பேரானந்தங்களைச் சொல்லும்போதெல்லாம் ரோகிணி, அக்னி, பொக்ரான் அணுகுண்டுச் சோதனை ஆகியவற்றின் வரிசையில் இந்தக் காலிப்பரையும் வைத்தார் கலாம். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் வைப்பேன். இதய நோயாளிகளுக்காக மருத்துவர் சோமராஜுவோடு சேர்ந்து அவர் உருவாக்கிய விலை குறைந்த ஸ்டென்ட்டும் இந்த வழியில் வந்ததுதான்.

தன் பாரத்தை மட்டும் அவர் அடுத்தவர் மேல் வைக்கவில்லை. 2006-ல் ராமேஸ்வரத்திலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட சொந்தக்காரர்கள் வந்து குடியரசுத் தலைவர் மாளிகையில் தங்கினார்கள். சாப்பாடு, தங்குமிடம் எல்லாவற்றுக்கும் கணக்குப் போடச் சொல்லி, மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் தன் கையிலிருந்து கட்டினார். இதை எழுதியவர் அவருடைய செயலாளர் பி.எம். நாயர். குடியரசுத் தலைவராகித் திருவனந்தபுரம் போனபோது, தன் சிறப்பு விருந்தினராக அவர் அழைத்தவர்கள் யார்? அந்த ஊரில் வேலை பார்த்த காலத்தில் பழகிய செருப்புத் தைக்கும் தொழிலாளியும், சின்ன உணவக உரிமையாளரும். பழைய தெருக்காரர்களை மறக்காத மனுஷர்.

2001-ல் அரசுப் பணியை விட்டபோது அவருக்கு வயது எழுபது. நேரே அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்தப் போனார்.

 நம் ஆனையூரிலும் தெருவுக்குத் தெரு, அவரைப் போலப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். ரயில்வேக்காரர், மின்வாரியத்துக்காரர், செவிலியர், ராணுவத்திலிருந்து வந்தவர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தொழில் இருக்கிறது. அதைத் தேடும் வீடு அடுத்த தெருவிலேயே இருக்கலாம். யாருக்கு என்ன தெரியும் என்று அந்த வீட்டுக்குத் தெரிய வேண்டாமா? அதற்காக மேடைக்குப் பக்கத்து மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், தெரு, என்ன தொழில் தெரியும், எந்த நேரம் வர முடியும், இவ்வளவுதான் எழுத வேண்டும். நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரலாம், கட்டணம் கிடையாது. அடுத்த வரி காலியாக இருக்கிறது, பேனாவும் அங்கேயே இருக்கிறது.