பிள்ளை படிக்கும் நேரமும் வீட்டுச் சத்தமும்

(கிளியனூர் தம்பதியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பொண்ணுக்குப் படிப்பு ஏறலே, நிறுத்திடலாம்னு பார்க்கிறோம்" என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. படிப்பு நின்றால் அடுத்தது உப்பளம். இல்லாவிட்டால் 18 வயது நிறையுமுன்பே கல்யாணப் பேச்சு. அந்த முடிவுக்கு வருமுன் ஒன்றைக் கவனியுங்கள். அவள் படிக்கிற நேரத்தில் வீட்டில் என்ன சத்தம் கேட்கிறது?

சத்தம் எல்லாம் ஒன்றல்ல. உப்பு வாரும்போது பாட்டுக் கேட்டால் அலுப்புத் தெரியாது. பழகிய வேலை கையோடு போகும். ஏற்றம் இறைத்த நம் முன்னோர் பாட்டிலேயே கணக்கும் வைத்தார்கள். இங்கிலாந்தில் 1940-இல் தொழிற்சாலைத் தொழிலாளருக்கென்றே வானொலியில் இசை ஒலிபரப்பினார்கள். ஆனால் பாடம் படிப்பது வேறு. படிக்கிற எழுத்தை மனசு சொல்லாக்கிப் பிடித்து வைக்க வேண்டும். அப்போது சீரியல் வசனமோ, சினிமாப் பாட்டோ, செல்போன் பேச்சோ காதில் விழுந்தால் சொல்லோடு சொல் மோதும். படித்தது நிற்காது.

நியூயார்க்கில் ஒரு பள்ளிக்கூடத்தை ஒட்டியே ரயில் பாதை. ரயில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள், மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்ததை 1975-இல் வெளியான ஆய்வு காட்டியது. தண்டவாளத்துக்கு ரப்பர் மெத்தையும், வகுப்புக்கு ஒலி அடக்கும் பலகையும் வைத்த பிறகு அந்த வித்தியாசம் மறைந்தது. பிள்ளைகள் மக்கு இல்லை, சத்தம்தான் காரணம்!

அதற்காக ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி வேண்டுமா? வேண்டாம். மின்விசிறி, மழை, கடல் இரைச்சல் போல, பேச்சில்லாமல் ஒரே சீராக மெல்ல வரும் ஓசை சில பிள்ளைகளுக்கு உதவும். திடீரென்று வரும் சத்தங்களை அது ஓரளவு மறைக்கும். எல்லோருக்கும் ஒத்துவராது, பிள்ளையையே கேட்டுப் பாருங்கள். கைக்குழந்தையின் தலைமாட்டில் மட்டும் ரேடியோவோ செல்போனோ வைக்காதீர்கள்.

கணவனும் மனைவியும் கலந்து பேசிச் செய்ய வேண்டியவை:

1. மாலையில் ஒரு மணி நேரம் டி.வி.யை நிறுத்துங்கள். அப்பா படம் பார்க்க, அம்மா மட்டும் "படி, படி" என்றால் நடக்காது.

2. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி பொதுவாக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. தேர்வுக் காலத்தில் திருவிழாக் குழுவினரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

3. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, டி.வி.யைச் சத்தமாக வைக்கும் பிள்ளை, காதில் சீழ் வடியும் பிள்ளை இவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். படிப்பு ஏறாததற்குக் காது கேளாமையும் காரணமாகலாம்.

பெண்ணின் படிப்பை நிறுத்துமுன் டி.வி.யை நிறுத்திப் பாருங்கள்.