பற்ற வைத்தது யார்?

(தலைப்பு: புகைப்பழக்கம் நம்மை விட்டுப் போகாமல் இருக்கக் காரணம் தனிமனித பலவீனமா? சமூகச் சூழலா? 'சமூகச் சூழலே' என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய பேராசிரியை ஒரே போடாகப் போட்டார்கள். 'மனசு வச்சா விட முடியாதா?' என்று கேட்டார்கள். அம்மா, நீங்க காலைக் காப்பியை ஒரு வாரம் விட்டுட்டு வாங்க. நான் உங்க அணிக்கே வந்துடறேன்! (சிரிப்பு)

ஒரு கணக்குச் சொல்கிறேன். 2016-17இல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பில், நம் நாட்டில் வயது வந்த ஆண்களில் நூற்றுக்குப் பத்தொன்பது பேர் புகைப்பவர்கள். பெண்களில் வெறும் இரண்டு பேர். மனசுதான் காரணம் என்றால், ஆணுக்கெல்லாம் களிமண் மனசு, பெண்ணுக்கெல்லாம் இரும்பு மனசா? (பெண்கள் பகுதியில் பலத்த கைதட்டல்) தாய்மார்களே, தட்டாதீங்க, அது எதிரணிக்குப் போயிடும்! ஆந்திரக் கடலோரத்துக்குப் போங்க. விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் சுருட்டு பிடிக்கிறார்கள். சும்மா இல்லை, நெருப்பு இருக்கிற முனையை வாய்க்குள்ளே வைத்துப் பிடிக்கிறார்கள். அங்கே அது காலங்காலமாக வந்த வழக்கம். இங்கே ஒரு பெண் பிடித்தால் தெருவே கூடிவிடும். ஊர் எதை அனுமதிக்கிறதோ அதைத்தானே ஐயா மனசு செய்கிறது?

அதே கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் விட்டுவிட நினைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மனசு இருக்கு. வெளியே வந்தால் பெட்டிக்கடை இருக்கே! முன்னே கயிறு எரிந்துகொண்டு தொங்கியது, இப்போ லைட்டர் தொங்குது. 2016இலிருந்து பாக்கெட்டில் எண்பத்தைந்து சதவீதம் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் மூட்டை தூக்குகிறவர் பாக்கெட்டா வாங்குகிறார்? ஒண்ணே ஒண்ணு வாங்குகிறார். படத்தைப் பார்க்கிறவர் கடைக்காரர்தான்! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, இனிமேல் சிரிக்க ஒன்றுமில்லை.

நான் தாமிரபரணிக் கரைக்காரன். எங்கள் தெருவில் பெண்கள் சொளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். இலை வடக்கே மத்தியப் பிரதேசக் காட்டிலிருந்து வரும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. என் அம்மாவும் சுற்றினாள். என் பள்ளிக்கூடப் பீஸ், நோட்டு, பேனா எல்லாம் அந்தச் சொளகிலிருந்து வந்தது. நான் பெற்ற டாக்டர் பட்டத்தில் புகையிலைத் தூள் ஒட்டியிருக்கிறது என்றால் அது மிகையில்லை.

அப்பாவுக்கு மில்லில் ராத்திரி ஷிப்ட். கிளம்பும்போது, 'ஏல, அடுப்புல பத்த வச்சுக் கொண்டா' என்பார். பீடியை அடுப்பில் காட்டினால் மட்டும் பற்றாது, ஒரு இழுப்பு இழுக்கணும். ஆறாம் வகுப்புப் பையன் இழுத்தேன். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. அங்கே எந்த மனசு பலவீனமாக இருந்தது, சொல்லுங்க!

கல்லூரி விடுதிக்குப் போனபோது எனக்குப் புதிதாக யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. பதினேழு வருஷம் பிடித்தேன். 'புகை நமக்குப் பகை' என்று மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைத்துவிட்டு, முடிவை அறிவிக்குமுன் கொல்லைப்பக்கம் போய்ப் பிடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு நுரையீரலில் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரைத் தூக்கி உட்கார வைக்கக் குனிந்தேன். என் சட்டைப் பையிலிருந்து பாக்கெட் அவர் மடியில் விழுந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அதை எடுத்து என் கையில் கொடுத்தார். 'நான்தாம்ல உன்னைய அடுப்புக்கு அனுப்புனேன்' என்றார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எதிரணி நண்பர்களே, அந்தக் கட்டிலில் படுத்திருந்தவரைப் பார்த்து 'மனசு வச்சா முடியாதா?' என்று உங்களால் கேட்க முடியுமா?

நடுவர் மணி அடித்துவிட்டார். (நீண்ட கைதட்டல்)