சாவி நம்ம கையில் இருக்கணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எவ்வளவு சேமிச்சோம், எவ்வளவு கடன் வாங்கினோம், எவ்வளவு கட்டி முடிச்சோம்னு நம்ம செயலாளர் கணக்கு படிச்சிட்டாங்க. நான் கணக்கு நோட்டுல வராத ஒண்ணைப் பத்திப் பேசுறேன். அதுதான் இடம். நாம கூடி உட்கார, நமக்குன்னு ஓர் இடம்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கப்பட்டன. 1992-ல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கலாம் என்று ஒரு முன்னோட்டத் திட்டத்தை எடுத்தது. பிறகு மகளிர் திட்டம் வந்தது, புது வாழ்வுத் திட்டம் வந்தது, ஊராட்சி அளவில் கூட்டமைப்புகள் வந்தன. சொத்து ஜாமீன் இல்லாத பெண்ணுக்கு வங்கி கடன் கொடுக்காது என்றிருந்த நிலை மாறியது. இன்றைக்கு அரசுப் பள்ளிகளில் காலை உணவு சமைப்பதும் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான்.

சரி, இத்தனை வருஷமா நாம எங்க உட்கார்ந்து கூட்டம் போட்டோம்? யாரோ ஒருத்தர் வீட்டுத் திண்ணை, மொட்டை மாடி, கோயில் வாசல், மரத்தடி. மழை வந்தா கூட்டம் இல்ல. அந்த வீட்டுக்கு விருந்தாளி வந்தா கூட்டம் இல்ல. தீர்மான நோட்டு ஊக்குநர் வீட்டு பீரோவுல இருக்கும். அவங்க வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனா, நோட்டும் கூடவே போயிடும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. இன்னொருத்தர் வீட்டுல உட்கார்ந்து நம்ம வீட்டுக் கஷ்டத்தைப் பேச முடியுமா? உள்ளே அவங்க வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கிட்டு இருப்பார். அடி வாங்கினவ அங்க வாயைத் திறப்பாளா? சந்தாவைக் கட்டிட்டு, கையெழுத்துப் போட்டுட்டு எழுந்து போயிடுவா. அப்புறம் குழுங்கிறது வெறும் கடன் வாங்குற வரிசையா ஆயிடுது.

இன்னொண்ணையும் மறைக்காம சொல்லணும். வீடுன்னா அதுக்கு ஒரு சாதி இருக்கு. யார் வாசல் வரை வரலாம், யார் உள்ளே வரலாம், யாருக்கு எந்த டம்ளர்னு யாரும் வாயால சொல்லாமலே நடக்கும். காலனியில ஒரு கூட்டம், ஊருக்குள்ள ஒரு கூட்டம்னு பிரிஞ்சு கிடக்கிற குழுக்களை நாம பல ஊர்ல பார்த்திருக்கோம். பொதுக் கட்டடத்துல அந்தக் கணக்கு நிக்காது. ஒரே பாயில உட்காரணும், ஒரே பானைத் தண்ணியைக் குடிக்கணும். 1997-ல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டம் வந்தபோது, 100 வீடுகளோடு சமுதாயக் கூடத்தையும் சேர்த்துத்தான் திட்டம் போட்டார்கள். பக்கத்துப் பக்கத்துல வீடு கட்டிட்டா மட்டும் போதாது, சேர்ந்து உட்காரவும் இடம் வேணும்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்ல. பாலஸ்தீனத்துல ரமல்லா நகருக்குப் பக்கத்துல அல்-பிரே என்று ஒரு ஊர். அங்கே 1965-ல் சமீஹா கலீல் என்ற அம்மையார் பெண்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். இன்ஆஷ் அல்-உஸ்ரா என்பது அதன் பெயர். குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவது என்று பொருள். கைத்தையல் பூவேலைக்கு ஆர்டர் கொடுத்தார்கள், எழுத்தறிவு வகுப்பும் தொழிற்பயிற்சியும் நடத்தினார்கள், குழந்தைகள் காப்பகம் வைத்தார்கள். 1967-ல் போர் வந்தது, ராணுவ ஆட்சி வந்தது. அதற்குப் பிறகும் அந்தக் கதவுக்குள்ளே பெண்கள் வந்தார்கள். அதே சமீஹா அம்மையார் 1996-ல் பாலஸ்தீனத் தலைவர் தேர்தலில் யாசர் அராபத்தை எதிர்த்து நின்ற ஒரே வேட்பாளர். அந்த நாட்டுப் பெண்களின் பூவேலையை 2021-ல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. குண்டு விழுற ஊர்லயே பெண்கள் ஒரு கூடத்தைக் காப்பாத்தி வச்சிருக்காங்கன்னா, நம்மால முடியாதா?

அடுத்தது நம்ம பிள்ளைங்க. குழுவுல நாம இருக்கோம், நம்ம மகள் எங்கே? டிகிரி முடிச்சிட்டு போனைப் பார்த்துக்கிட்டு வீட்டுல இருக்கா. சிட்கோ தொழிற்பேட்டை கூப்பிடு தூரத்துல இருக்கு. எந்த கம்பெனியில ஆள் எடுக்குறாங்க, என்ன பயிற்சி கேட்கிறாங்கன்னு சொல்ல ஊருக்குள்ள ஓர் இடம் இல்ல. கேரளாவில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயிலும் இதே குறை இருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு பெண்தான் உறுப்பினர் என்பதால், அம்மா இருக்கும் வீட்டில் மகளுக்கு இடமில்லை. 2021-ல் 18 முதல் 40 வயது வரையிலான பெண்களுக்கென்று துணைக் குழுக்களைத் தொடங்கினார்கள். நம்ம கூட்டமைப்பும் அப்படி ஒண்ணு செய்யலாம். ஆனா அந்தப் பிள்ளைங்க வந்து உட்கார, குரூப் நாலு பரிட்சைக்குப் படிக்க, நாலு கம்ப்யூட்டர் போட, முதல்ல கூரை வேணும்.

கட்டடம் கட்டுறது மட்டும் போதாதும்மா. பல ஊர்ல மகளிர் குழுக் கட்டடம்னு பேர் எழுதியிருக்கும். உள்ளே பார்த்தா சிமென்ட் மூட்டையும் உடைஞ்ச நாற்காலியும் கிடக்கும். சாவி யார்கிட்டன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. சாவி யார் கையிலயோ, கட்டடம் அவங்களோடது. அதனால நான் மூணு விஷயம் கேட்கிறேன்.

ஒண்ணு, கிராம சபைக்கு நாம மொத்தமா போகணும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை கூடுது. கூட்டமைப்புக்கு இடம் வேணும், பராமரிப்பும் சாவியும் கூட்டமைப்பு பொறுப்புல இருக்கணும்னு தீர்மானம் கொண்டு வரணும். தீர்மான நோட்டுல ஏறிச்சான்னு பார்த்துட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்.

ரெண்டு, சாவி ரெண்டு போடணும். வேற வேற தெருவுல, வேற வேற குழுவுல இருக்கணும். வருஷத்துக்கு ஒரு தடவை கை மாறணும்.

மூணு, நேரப் பட்டியல் ஒட்டணும். பகல் ஷிஃப்ட் போறவங்களுக்கு சாயங்காலம், நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்களுக்கு மதியம், பிள்ளைங்களுக்கு ராத்திரி எட்டு மணி வரைக்கும். வளைகாப்பு, காது குத்துன்னு வாடகைக்கு விட்டா கரன்ட் பில் கட்டலாம். ஆனா எவ்வளவு வாடகை வந்தாலும், குழுக் கூட்ட நாள்ல விடக்கூடாது.

தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. நாற்காலி நமக்கு வந்துவிட்டது. அந்த நாற்காலியில் உட்காரப் போகும் பெண் பேசிப் பழக ஓர் அறை வேண்டும். பேசிப் பழகாதவள் தலைவரானால், பக்கத்தில் இருக்கும் ஆம்பிளைதான் பேசுவார்.

அடுத்த கிராம சபைக்கு எத்தனை பேர் வர்றீங்க? கையைத் தூக்குங்க பார்ப்போம். தூக்கினவங்க பேரை ஊக்குநர் இப்பவே எழுதிக்கட்டும்.