எல்லோரும் மன்னார் வழி வந்தவர்கள்



பதுளையிலிருந்து வந்த மலையகத்தான் மேடை ஏறினால், தன் மக்களை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தைத்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் அதற்கும் 40,000 ஆண்டுகளுக்கு மேல் முன்னே போகிறேன். "நீங்கள் எப்போது இங்கே வந்தவர்கள்?" என்று எங்களைக் கேட்டவர்களுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

பண்டாரவளைக் குன்றுகளில் சின்னஞ்சிறு கற்கருவிகள் கிடைத்தது நூறாண்டுக்கு முந்திய செய்தி. விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய படிகக்கல் சில்லு. ஒரு விளிம்பு கூர்; மறு விளிம்பைப் பிடியில் பதிக்கத் தோதாகக் கொத்தி மழுக்கியிருப்பார்கள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் காலில் இடறும் அதே வெள்ளைக்கல்தான். 1907இல் சரசின் என்ற சுவிஸ் அறிஞர் இருவர் மொனராகலைப் பக்கம் நில்கலைக் குகையைத் தோண்டினார்கள். எல்ல நகருக்கு அருகே ராவணா எல்லக் குகையை அகழ்ந்தவர் பி.இ.பி. தெரணியகல. 'பலாங்கொடை மனிதன்' என்று பெயர் வைத்தவரும் அவரே. பாஹியன்கலைக் குகையில் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே வில்லும் அம்பும் இருந்ததற்கான தடயங்களை 2020இல் வெளியிட்டார்கள்.

அந்தக் குகைகளில் வாழ்ந்த மனிதர் எப்படி வந்தார்? கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் இந்தியாவோடு நிலம் சேர்ந்திருந்தது. நடந்தே வந்தார். பின்னாளில் எங்கள் பாட்டன் பூட்டன் கோப்பித் தோட்டத்துக்கு வந்ததும் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துதான். முன்னவருக்கு ஆள்பிடிக்கும் கங்காணி இல்லை, கடன் துண்டு இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

இனி, மறைந்துபோன இன்னொரு மனித இனமான நியாண்டர்தால் மனிதர். 1856இல் ஜெர்மனியின் சுண்ணாம்புக்கல் குவாரியொன்றில் அவர் எலும்புகள் அகப்பட்டன. இலங்கையில் அவர் எலும்பு ஒன்றும் கிடைத்ததில்லை. ஆனால் ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் மரபணுவில் சுமார் 2 சதவீதம் அவருடையது என்று ஸ்வாந்தே பாபோ குழுவினர் 2010 முதல் காட்டிவருகிறார்கள்; 2022இல் பாபோவுக்கு நோபல் பரிசு. கொவிட் கடுமையாகத் தாக்கும் அபாயத்தைக் கூட்டும் ஒரு மரபணுத் துண்டு நியாண்டர்தாலிடமிருந்து வந்தது என்றும், தெற்காசியரில் ஏறக்குறையப் பாதிப்பேர் அதைச் சுமக்கிறார்கள் என்றும் 2020இல் பாபோவும் ஹியூகோ ஸெபெர்க்கும் கண்டார்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்று பார்த்து அது ஒட்டவில்லை.

அப்படியானால் வேதங்களும் புராணங்களும் பொய்யா என்று எங்கள் பிள்ளைகள் கேட்பார்கள். சிவனொளிபாத மலையைப் பாருங்கள். ஒரே பாதச்சுவட்டைச் சைவர் சிவனுடையது என்பர், பௌத்தர் புத்தருடையது என்பர், முஸ்லிம்கள் ஆதம் நபியுடையது என்பர். இயக்கர்குலப் பெண் குவேனியின் பிள்ளைகள் அந்த மலைப்பக்கம் ஓடிப் பெருகினார்கள் என்கிறது மகாவம்சம். எங்கள் ஊவாவில் உள்ள கதிர்காமத்தில் முருகன் கைப்பிடித்ததோ வேடர் மகள் வள்ளியை. அந்த வேடர் குலத்தார் இன்றும் பதுளை மாவட்டத்துத் தம்பானையில் வாழ்கிறார்கள். வேதம் காலக்கணக்குச் சொல்லும் ஏடு அல்ல. எல்லோரும் ஒரு தாய் பிள்ளைகள் என்ற உறவைச் சொல்வது அது. எலும்பு வழியைச் சொல்கிறது, வேதம் உறவைச் சொல்கிறது. ஒன்றின் வேலையை மற்றதன் தலையில் கட்டாதீர்கள்.

ஒன்றைக் கசப்பானாலும் சொல்லிவிடுகிறேன். முதல் மனிதன் குமரிக்கண்டத்தில்தான் பிறந்தான் என்று நம் மேடைகளில் கைதட்டல் வாங்குகிறோம். பாவாணர் போன்ற பேரறிஞரும் அப்படி எழுதியதுண்டு. அதற்கு எலும்புச் சான்று கிடையாது. "நாங்களே மூத்த குடி" என்ற பேச்சுத்தான், எதிர்ப்பக்கம் திரும்பி, எங்கள் மக்களை நாடற்றவர் ஆக்கியது. அதே ஆயுதத்தை நாமும் கையில் எடுக்கக் கூடாது.

இந்த மேடையைத் தந்த சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். மணிமண்டபமும் சிலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஊவாவின் குகைகளையும் கற்கருவிகளையும் பற்றிப் படங்களோடு ஒரு நல்ல தமிழ்ப் புத்தகம் எழுதுவித்து, தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புங்கள். ராவணா எல்லக் குகைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போக ஒரு பஸ்ஸுக்குப் பணம் கொடுங்கள். தேயிலை மலையில் கற்கருவி கண்டால் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொல்ல அந்தப் பிள்ளைகள் கற்கட்டும். "நீ எப்போது வந்தவன்?" என்று நாளை யாராவது கேட்டால், "உங்களைப் போலவே, நடந்து வந்தவன்" என்று தலைநிமிர்ந்து சொல்லட்டும்.