விடுபட்ட அடிகள்: படியெடுத்தல் குறித்துச் சில சிந்தனைகள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக்குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு 'பத்தாண்டுக் கவிதை வளர்ச்சி' என்பதாகும். அத்தலைப்பில் பேச என்னினும் தகுதியுடையோர் இங்குப் பலர் உளர். ஆகவே குழுவினரின் இசைவோடு, கவிதையைப் பற்றியன்றிக் கவிதை குடியிருக்கும் இடத்தைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். நம் வட்டத்தின் கணிப்பொறியிலிருந்த வன்தட்டு, நீங்கள் ஹார்ட் டிஸ்க் என்று வழங்குவது, பழுதுபட்டதையும் அதனைப் புதியதொன்றிற்குப் படியெடுத்ததையும் உங்களுட் சிலர் அறிவீர்கள். அதன் விளைவாக எழுந்த வழக்கு ஒன்று இன்னும் தீராமல் இருக்கிறது. அதற்கு வருமுன் நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

நாம் கூடியிருக்கும் தருமபுரி பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை இவ்வூரை எறிந்து வென்ற செய்தி பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தால் விளங்கும், பாடியவர் அரிசில்கிழார். அப்போரையே முழுப்பொருளாகக் கொண்டு 'தகடூர் யாத்திரை' என்றொரு நூல் இருந்தது. இன்று அந்நூல் இல்லை. புறத்திரட்டைத் தொகுத்தவர் எடுத்துச் சேர்த்துக்கொண்ட பாடல்களும், நச்சினார்க்கினியர் தொல்காப்பியப் புறத்திணையியல் உரையில் எடுத்துக்காட்டியனவுமே எஞ்சியுள்ளன. நம் ஊரின் பெயரைத் தாங்கிய நூலை நாம் அறிவது, வேறு யாரோ வேறு எதற்காகவோ படியெடுத்துக்கொண்ட துணுக்குகளின் வழியாகத்தான். என் முனைவர் பட்ட ஆய்வு புறத்திணை மேற்கோட்பாடல்களைப் பற்றியது. ஆதலால் ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் இந்தத் துணுக்குகளோடு வாழ்ந்தேன். முன்னும் பின்னும் இல்லாத ஒரு பாட்டை எத்தனை முறை படித்தாலும், அதைச் சொன்னவன் எந்தப் பக்கத்து வீரன் என்பதுகூடப் பல இடங்களில் துணியமுடியாது.

கல் நிலைக்கும் என்பர். உண்மைதான். 1981இல் திருக்கோவலூருக்கு அண்மையிலுள்ள சம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப்பிராமிக் கல்வெட்டு அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரை அப்படியே காத்துத் தந்தது. ஆனால் அது ஒரு வரி. கல்லில் ஒரு பெயரைக் காக்கலாம், ஒரு நூலைக் காக்க முடியாது. நூலைக் காத்தது ஓலை. அதிலும் ஓலையன்று, ஓலையைத் திரும்பத் திரும்பப் பெயர்த்து எழுதிய கை.

ஓலைக்கு ஆயுள் உண்டு. நம் வெப்பமும் ஈரமும், செல்லும் இராமபாணப் பூச்சியும் அதனை மேலும் குறுக்கிவிடும். சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் வெளியிட்ட கலித்தொகைப் பதிப்பின் முன்னுரையில், கட்டை அவிழ்ப்பதற்கும் இதழைப் புரட்டுவதற்கும் தாம் அஞ்சிய நிலையை எழுதியிருக்கிறார். கையில் எடுத்தாலே உதிர்ந்த ஏடுகள் அவை. அவர் கண்டது நூலின் கடைசி மூச்சை. இங்கே ஒன்று நோக்கத்தக்கது. படிப்பதற்காகத் தொடுவதே அந்நிலையில் ஏட்டை அழிக்கிறது. எனவே ஒருமுறைதான் தொடலாம். அந்த ஒருமுறையும் படியெடுப்பதற்காக இருக்கவேண்டும்.

ஆடிப்பதினெட்டில் பழஞ்சுவடிகளை ஆற்றில் விட்ட வழக்கத்தை உ. வே. சாமிநாதையர் வருத்தத்தோடு குறித்துள்ளார். புதுப்படி எழுதிய பின் பழையதை நீரில் சேர்ப்பது என்பதே அவ்வழக்கின் தொடக்கப் பொருளாக இருந்திருக்கவேண்டும் என்பது என் கருத்து. எழுதுவோர் ஒழிந்தனர், விடுவோர் மட்டும் எஞ்சினர். ஒகேனக்கலில் ஆடிப்பெருக்குக்கு நீராடப் போகும் போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் வராமல் இருப்பதில்லை.

இனி வன்தட்டுக்கு வருகிறேன். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய முதல் வன்தட்டுக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 இலட்சம் எழுத்துகளை. இன்று உள்ளங்கையளவுப் பெட்டியில் ஒரு நூலகமே அடங்கும். உள்ளே நடப்பது அன்றும் இன்றும் ஒன்றே. காந்தப் பூச்சுடைய தட்டு நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கிறது. அதன் மேல், மயிரிழையின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில், படிக்கும் முனை மிதந்து செல்கிறது. முனை தட்டைத் தீண்டலாகாது. தீண்டினால் எழுத்தாணி ஏட்டைக் கிழித்தது போலாகும். கிழிந்த துகள் மீண்டும் முனையில் பட்டு மேலும் கிழிக்கும்.

சென்ற ஆண்டு வைகாசியில் நம் வட்டத்தின் தட்டு 'டிக், டிக்' என ஒலி எழுப்பத் தொடங்கியது. ஒரு கோப்பு திறக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. அதனுள் இருந்தவை யாவை? பத்தாண்டு மாதக்கூட்டங்களின் ஒலிப்பதிவுகள். கையெழுத்து இதழ்களின் படங்கள். பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர்களில் பெண்கள் பாட நாம் பதிந்த ஒப்பாரிகள் (பாடியவர்களுள் இருவர் இன்றில்லை). மறைந்த நம் மூத்த கவிஞர் ஐயா 2000ஆம் ஆண்டை ஒட்டித் தம் கையாலேயே தட்டெழுதி வைத்த கவிதைகள். பழுதுபார்க்கும் கடை ஒன்றில், முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினால் தட்டு நன்றாக ஓடும் என்றார்கள். தட்டு ஓடும், அதைப்பற்றி எனக்கு ஐயமில்லை.

எங்கள் கல்லூரிக் கணிப்பொறியியல் துறை மாணவி ஒருவர் முதலில் செய்தது, தட்டுக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்தியது. பழுதைச் சரிபார்க்கும் எந்த நிரலையும் அதன்மேல் ஓட்டக்கூடாது, அதில் ஓர் எழுத்தும் எழுதக்கூடாது என்றார். சரிபார்க்கும் நிரல் தட்டு முழுவதையும் தடவிப் பார்க்கும், தனக்குத் தவறெனப்பட்டதைத் திருத்தியும் எழுதும். சாகக்கிடக்கும் தட்டு அதைத் தாங்காது. முதலில் படி, பிறகே ஆராய்ச்சி. இது தாமோதரம் பிள்ளைக்குத் தெரிந்த விதிதானே என்று நான் எண்ணிக்கொண்டேன்.

பழையதினும் கொள்ளளவு மிக்க புதிய தட்டு ஒன்று வாங்கினோம். பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, டிடிரெஸ்க்யூ என்னும் கட்டற்ற நிரலால் படியெடுத்தார் அந்த மாணவி. அது வேலை செய்யும் முறை என்னை மிகவும் கவர்ந்தது. சாதாரணமாக நாம் கோப்புகளை நகலெடுக்கும்போது, கெட்ட இடம் வந்தால் கணிப்பொறி அங்கேயே நின்று முட்டி மோதும். அதற்குள் நல்ல இடங்களும் கெட்டுப்போகும். இந்நிரலோ கோப்புகளை நோக்குவதில்லை, தட்டின் பரப்பையே நோக்குகிறது. எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதல் ஓட்டத்தில் விரைந்து எடுத்துவிடுகிறது. இடறும் இடங்களைத் தாண்டிச் சென்று, பிறகு திரும்பிவந்து, அவற்றின் ஓரங்களைக் கத்தரித்துக் கத்தரித்துச் சிறிதாக்குகிறது. இறுதியில் ஒவ்வொரு நுண்பகுதியாகச் சுரண்டிப் பார்க்கிறது. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதைத் தனியே ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகிறது. ஆதலால் இடையில் நிறுத்தித் தட்டை ஆறவைத்து மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேசை விசிறியின் காற்றில், மின்வெட்டுகளுக்கிடையே, நான்கு நாள் நடந்தது. படிக்க இயலாத இடத்தில் அது எதையும் இட்டுக்கட்டுவதில்லை. படியில் அவ்விடம் வெறுமையாகவே நிற்கிறது.

மொத்தத்தில் இழப்பு மிகச்சிறிது. ஓர் ஒப்பாரியின் பதிவில் சில நொடி ஒலி இல்லை. படக்கோப்புகள் இரண்டு பாதியில் நிற்கின்றன. ஆனால் ஐயாவின் கவிதைக் கோப்பில் ஒரே ஒரு நுண்பகுதி கிடைக்கவில்லை. அத்தட்டில் ஒரு நுண்பகுதி என்பது 512 பைட்டு. ஐயா பயன்படுத்திய பழைய எழுத்துருவில் குறி ஒன்றுக்கு ஒரு பைட்டு. ஆக 512 குறிகள். இருபத்திரண்டு அடிகள் கொண்ட கவிதையில் நடுவே பதின்மூன்று அடிகள் இல்லை.

எழுத்துருவைப் பற்றி ஓரிரு சொற்கள். படியெடுத்த கோப்பைத் திறந்தபோது திரையில் தோன்றியவை இலத்தீன் குறிகளின் குவியல். அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்திற்கும் ஒவ்வொரு குறியீடு இருந்தது. 1999இல் திஸ்கியும், தமிழக அரசின் டாம், டாப் குறியீடுகளும் வந்தன. 2010இல் அரசு யூனிக்கோடை ஏற்றது. ஐயாவின் எழுத்துரு இவற்றுள் எதிலும் அடங்காதது. புள்ளியிடாத, எகர ஏகார வேறுபாடு காட்டாத, காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும் ஏட்டை உ. வே. சா. படித்ததைப் போலத்தான் நாங்களும் படித்து மாற்றினோம். தட்டு பிழைத்துவிட்டது என்று மகிழ்வோர் இதனையும் கருதவேண்டும். படிக்கத் தெரிந்தவர் இருக்கும்போதே பெயர்க்கவேண்டியது எழுத்தையும்தான்.

இப்போது அந்தப் பதின்மூன்று அடிகள். அக்கவிதையை ஐயா நம் கூட்டங்களில் இருமுறை படித்திருக்கிறார். இரண்டும் நாம் ஒலிப்பதிவு செய்யத் தொடங்குவதற்கு முன். அவர்தம் மாணவர் ஒருவர், இன்று இந்த அவையில் இருப்பவர், அது தமக்கு மனப்பாடம் என்று சொல்லி, விடுபட்ட அடிகளை எழுதித் தந்தார். மலரில் கவிதை முழுமையாக வரவேண்டும், ஐயாவை ஊனமாக அச்சிடலாகாது என்பது அவர் வேண்டுகோள். அவருடைய அன்பை நான் அறிவேன். அவர் தந்த அடிகள் நல்ல அடிகள் என்பதையும் மறுக்கவில்லை. என்னை உறுத்துவதே அதுதான். அவற்றுள் இரண்டு, ஐயாவின் நடையினும் அம்மாணவர் நடைக்கு நெருக்கமாக என் காதில் விழுகின்றன. என் காது தவறாகவும் இருக்கலாம். ஆனால் அச்சில் ஏறிவிட்டால் இந்த ஐயத்தை எழுப்பக்கூட எவருக்கும் இடம் இராது.

புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. அந்த எண்கள் இன்றும் வெறுமையாக நிற்கின்றன. 1894இல் அதனைப் பதிப்பித்தவர் எண்ணை மாற்றி அடுத்த பாட்டை மேலேற்றவில்லை. சிதைந்த அடிகளில் புள்ளியிட்டுச் சென்றார். நினைத்திருந்தால் அந்தப் புலமைக்கு ஓர் ஆசிரியப்பாவின் அடியை நிரப்புவது அரிதன்று. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. எழுபது பரிபாடலில் முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டு. புறத்திரட்டில் தகடூர் யாத்திரைப் பாடல்கள் அப்பெயரோடு நிற்பதால், அவை அந்நூலைச் சேர்ந்தவை என்று நமக்குத் தெரிகிறது.

நினைவும் ஓர் ஏடு என்று அம்மாணவர் எனக்கு விடையளித்தார். ஒப்புகிறேன், வாய்மொழி மரபை நான் தாழ்த்துவேனல்லேன். அதனால்தான் ஆசிரியர்குழு ஒரு முடிவெடுத்தது. இம்மலரில் ஐயாவின் கவிதை ஒன்பது அடிகளோடும் இடையே பதின்மூன்று புள்ளி வரிகளோடும் வருகிறது. மாணவர் நினைவிலிருந்து தந்த அடிகள் அவர் பெயரால், எதிர்ப்பக்கத்தில், தனியே அச்சாகியுள்ளன. அவர் இதில் முழுமனநிறைவு கொண்டாரல்லர். உங்களுள் எவரிடமேனும் அக்கவிதையின் கையெழுத்துப்படியோ, பழைய சிற்றிதழ் நறுக்கோ இருந்தால், அது என் காதையோ அவர் நினைவையோ பொய்யாக்கினாலும் சரி, கொண்டுவந்து தரவேண்டுகிறேன்.

ஒன்றே இடத்தில் வைத்தல் என்ன செய்யும் என்பதை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தபோது கண்டோம். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள் அவர் 1992இல் மறைந்த பின் சென்னைக்கு வந்து நுண்படச்சுருளில் ஏறியதும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பல நாட்டுத் தமிழர் கையால் நூல்களை மின்பதிப்பாக்கியதும் இதற்கு நேர்மாறான செயல்கள். நம் வட்டத்தின் தொகுப்பு இப்போது மூன்று படிகளாக உள்ளது: ஒன்று வட்டத்தில், ஒன்று பென்னாகரத்து உறுப்பினர் இல்லத்தில், ஒன்று ஓசூரில். ஆண்டுதோறும் தை மாதத்தில் மூன்றையும் திறந்து ஒப்பிட்டுப் பார்ப்பது என்று செயற்குழு தீர்மானித்துள்ளது. சுழலாத புதுவகைத் தட்டுகள் உறுதியானவை என்று சிலர் சொல்கின்றனர்; அவை 'டிக்' என்றுகூடச் சொல்லாமல் ஒருநாள் நின்றுவிடும், மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தால் எழுதியதை மறக்கவும் கூடும் என்று அந்த மாணவி எச்சரித்திருப்பதால் அவற்றை மட்டும் நம்பவில்லை.

பழைய தட்டை ஆடிப்பதினெட்டில் ஒகேனக்கலில் விட்டுவிடலாம் என்று செயலாளர் நகையாடினார். அது என் அலமாரியில், துணி சுற்றி, வரைபடக் கோப்பின் அச்சுப்படியோடு இருக்கிறது. அந்த 512 பைட்டையும் படிக்கவல்ல கருவியோடு யாரேனும் வந்தால் தருவேன்.