குறட்டையும் இரண்டு ரிப்போர்ட்டுகளும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடுதியில் என்னோடு இருந்தவர்களுக்கு என் பட்டப்பெயர் மறந்திருக்காது. "ரைஸ்மில்". பத்தரை மணிக்கு மில் ஓட ஆரம்பித்தால் விடியும்வரை நிற்காது என்பார்கள். செருப்பு, தலையணை, ஒருமுறை ஒரு செம்புத் தண்ணீர்கூட என்மேல் விழுந்ததுண்டு. நானும் சேர்ந்து சிரித்தேன். குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்றுதானே நம் வீடுகளில் நினைக்கிறோம்?

அது தப்பு என்று தெரிய எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. உளுந்தூர்பேட்டை தாண்டி, பட்டப்பகலில் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் மகளும் பேத்தியும். "என்னங்க!" என்று மனைவி கத்திய சத்தத்தில்தான் கண்ணைத் திறந்தேன். கண்ணுக்கு நேரே கரும்பு லாரியின் பின்பக்கம். ஸ்டியரிங்கை ஒடித்ததில் தப்பினோம். முந்தின ராத்திரி எட்டு மணி நேரம் படுத்து எழுந்தவன் நான்!

டாக்டரிடம் போனபோது என்னைவிட என் மனைவிதான் சரியாகச் சொன்னாள். "குறட்டை பரவாயில்லே சார். அது திடீர்னு நின்னுடுது பாருங்க, அப்பதான் பயம். மூச்சே வராது. நான் எழுந்து உட்கார்ந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவேன்." எத்தனை வருஷமாக எண்ணினாளோ, என்னிடம் சொன்னதில்லை.

ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து 'ஸ்லீப் ஸ்டடி' எடுத்தார்கள். தலையில் மூளை அலைக்கான ஒயர்கள், கண் ஓரத்தில், தாடையில், காலில் ஒயர்கள், மூக்கில் காற்றோட்டம் பார்க்க ஒரு குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட், விரலில் ஆக்ஸிஜன் கிளிப். வலி எதுவும் இல்லை.

ரிப்போர்ட் வந்தது. பல பக்கம். அதில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

முதலில் ஏ.எச்.ஐ. என்ற எண். பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சுக் காற்று ஏறத்தாழ முழுக்க நின்றால் அது ஒரு 'ஆப்னியா'. முழுக்க நிற்காமல், காற்று முப்பது சதவீதமாவது குறைந்து, கூடவே ரத்தத்தில் ஆக்ஸிஜனும் இறங்கினாலோ தூக்கம் கலைந்தாலோ அது 'ஹைபாப்னியா'. இரண்டையும் கூட்டி, தூங்கிய மணி நேரத்தால் வகுத்தால் ஏ.எச்.ஐ. பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை.

நான் அன்று தூங்கியது 5 மணி நேரம். தடைகள் 210. ஆக என் எண் 42. ஏறத்தாழ ஒன்றரை நிமிஷத்துக்கு ஒருமுறை யாரோ என் கழுத்தை நெரித்து விட்ட மாதிரி.

இங்கே ஒரு எச்சரிக்கை. வீட்டிலேயே செய்கிற எளிய சோதனையில் பொதுவாக மூளை அலை பார்ப்பதில்லை. அதனால் தூங்கிய நேரம் தெரியாது, கருவி ஓடிய நேரத்தால் வகுப்பார்கள். அதே 210-ஐ 7 மணி நேரத்தால் வகுத்தால் 30. நோய் மாறவில்லை, வகுக்கும் எண் மாறிவிட்டது. இரண்டு ரிப்போர்ட்டை ஒப்பிடும்போது எதால் வகுத்தார்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது ஆக்ஸிஜன். என்னுடையது 71 சதவீதம் வரை இறங்கியிருந்தது. மிகக் குறைந்த அளவை மட்டும் பார்த்தால் போதாது, 90-க்குக் கீழே எவ்வளவு நேரம் இருந்தது என்பதும் முக்கியம். மூன்றாவது, மல்லாந்து படுத்தபோது எத்தனை, கனவு வரும் 'ரெம்' தூக்கத்தில் எத்தனை என்ற பிரிவு. ரெம் தூக்கத்தில் தசைகள் தளர்ந்துபோவதால் தொண்டை இன்னும் எளிதாக மூடிக்கொள்ளும்.

எனக்குச் சொன்ன வைத்தியம் 'சி-பாப்' மெஷின். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துத் தொடங்கி, 1981-ல் ஐந்து நோயாளிகளோடு வெளியிட்ட முறை இது. மாஸ்க் வழியே காற்றை லேசான அழுத்தத்தில் செலுத்தினால் தொண்டை மூடாது, அவ்வளவுதான். அழுத்தத்தைச் 'சென்டிமீட்டர் நீர்' என்ற அளவில் சொல்வார்கள். நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் யு வடிவக் குழாயில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோமே, அதேதான். எனக்கு 11 சென்டிமீட்டர். காற்று மண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. அது ஒரு மனுஷனைக் காப்பாற்றுகிறது!

மெஷினோடு எடுத்த இரண்டாவது ரிப்போர்ட்டில் ஏ.எச்.ஐ. 3. ஆக்ஸிஜன் 91-க்குக் கீழே போகவில்லை. அன்று ரெம் தூக்கம் வழக்கத்தைவிட அதிகம். பட்டினி கிடந்தவன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி என்றார் டாக்டர்.

அப்போதுதான் நான் பெரிய தப்புச் செய்தேன். "நார்மல் ஆயிடுச்சு" என்று வீட்டில் ரிப்போர்ட்டைக் காட்டினேன். மாஸ்க் மூக்கை அழுத்துகிறது என்று விடியற்காலை மூன்று மணிக்கே கழற்ற ஆரம்பித்தேன். மூன்றாவது மாதம் ஆபீஸ் மீட்டிங்கில் மறுபடி தலை சாய்ந்தது.

டாக்டர் திட்டவில்லை. ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். "7 மணி நேரம் தூங்கறீங்க. 4 மணி மாஸ்க்கோட, மணிக்கு 3 வீதம் 12. மீதி 3 மணி மாஸ்க் இல்லாம, மணிக்கு 42 வீதம் 126. மொத்தம் 138. ஏழால வகுங்க." வகுத்தேன். கிட்டத்தட்ட 20. நடுத்தர நோயாளி! அதிலும் ரெம் தூக்கம் அதிகம் வருவது விடியற்காலையில். மிக மோசமான பகுதிக்குத்தான் நான் மாஸ்க்கைக் கழற்றியிருக்கிறேன்.

அந்த 3 என்பது மாஸ்க் முகத்தில் இருக்கும் நேரத்துக்கான எண். கண்ணாடி போட்டால் தெளிவாகத் தெரிகிறது என்பதால் கண் சரியாகிவிட்டது என்றா அர்த்தம்? 2016-ல் வெளிவந்த 'சேவ்' என்ற பெரிய ஆய்வில் சி-பாப் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்ததாகத் தெரியவில்லை. பகல் தூக்கம் குறைந்தது. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் மெஷின் போட்டது சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரமே. அரை மாத்திரை விழுங்கிவிட்டு மருந்தைக் குறை சொல்ல முடியாது. முழு மாத்திரை எல்லாம் செய்யும் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே இரண்டாவது ரிப்போர்ட் கையில் வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். சோதனை ராத்திரியில் மல்லாந்து படுத்த ரெம் தூக்கம் இருந்ததா? ஆக்ஸிஜன் சரியானதா? மூளையே மூச்சுக்கு உத்தரவு தர மறக்கும் 'சென்ட்ரல்' வகைத் தடை புதிதாக வந்ததா? அது சிலருக்கு ஆரம்பத்தில் வந்து தானே போய்விடும், போகாவிட்டால் டாக்டர் பார்க்க வேண்டும். நான்காவது, பகலில் தூக்கம் போனதா? மெஷின் தினமும் காட்டும் ஏ.எச்.ஐ.யும் காற்றோட்டத்தை வைத்து மட்டும் போடும் கணக்கு. மாஸ்க்கில் காற்று கசிந்தால் தவறலாம்.

மாணவச் செல்வங்களே, இது தாத்தாக்கள் விஷயம் என்று நினைக்காதீர்கள். உடல் பருமன் முக்கியக் காரணம்தான். ஆனால் சின்னத் தாடை, பெரிய டான்சில் உள்ள ஒல்லிப் பையனுக்கும் இது வரும். உங்கள் அறையில் ஒருவன் குறட்டை விட்டால் செம்புத் தண்ணீரை எடுக்குமுன் ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்கள். சத்தம் நின்று, பிறகு திணறி எழுகிறதா? அப்படியானால் காலையில் அவனிடம் சொல்லுங்கள். கேலியாக அல்ல, அக்கறையாக.

இன்று ராத்திரி நாங்கள் எல்லோரும் பழைய விடுதி அறைகளில்தான் தங்குகிறோம். மெஷின் என் பெட்டியில் இருக்கிறது. ரைஸ்மில் மூடியாகிவிட்டது நண்பர்களே, தைரியமாக என் பக்கத்துக் கட்டிலில் படுக்கலாம்.