சிரிப்பும் சான்றும்: ஏ. கே. செட்டியாரும் கலைவாணரும்



மொழிக்கான மேடையில் நூலைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நான் இன்று படச்சுருளைப் பற்றிப் பேச முற்படுகிறேன். படச்சுருளும் ஒருவகை ஏடுதான். ஓலையைச் செல்லரிக்கும்; சுருளைக் காற்றும் வெப்பமும் அரிக்கும். ஒரு சமூகம் தன் வாழ்வைத் தானே பதிவு செய்யாவிட்டால் அதற்காக வேறு எவர் பதிவு செய்வார் என்னும் கேள்வி இரண்டுக்கும் பொது. அக்கேள்விக்கு விடைதேட, இருவரின் வாழ்க்கையை உங்கள்முன் வைக்கிறேன். ஒருவர் தனியொருவராய் நின்று ஆவணப்படம் எடுத்தவர். மற்றவர் நாட்டையே சிரிக்கவைத்த நடிகர்.

ஒரு லட்சம் மைல்

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911-ஆம் ஆண்டு பிறந்தவர் அ. கருப்பன் செட்டியார். ஏ. கே. செட்டியார் என்றால்தான் தமிழுலகம் அறியும். பர்மாவில் ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராக இருந்தார். பின்னர் புகைப்படக்கலை கற்க ஜப்பானுக்கும், அதனைத் தொடர்ந்து அமெரிக்காவுக்கும் சென்றார்.

1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில் அவர் பயணம் செய்துகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். அடிகளின் வாழ்வைப் படமாக்க வேண்டும் என்னும் எண்ணம் அந்தக் கப்பலில்தான் அவர் உள்ளத்தில் தோன்றியது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயதும் நிரம்பவில்லை. கையில் பெரும்பொருள் இல்லை. அரசின் துணையும் இல்லை. ஆண்ட அரசோ காந்தியடிகளைச் சிறையிலிட்ட அரசு.

நடிகரை வைத்துக் காந்தியடிகளின் வாழ்வைச் சித்திரிக்க அவர் எண்ணவில்லை. உலகின் பல பகுதிகளில் பலர் வெவ்வேறு காலங்களில் பிடித்துவைத்திருந்த உண்மைக் காட்சிகளைத் தேடித் திரட்டினார். நான்கு கண்டங்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்தார். முப்பது ஆண்டுக் காலத்தில் நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்திருந்த 50,000 அடிப் படச்சுருள் சேர்ந்தது.

இந்த எண்ணின் பொருளைச் சற்றே விளக்க விரும்புகிறேன். பேசும்படச் சுருள் நிமிடத்திற்குத் தொண்ணூறு அடி ஓடும். ஆகவே 50,000 அடி என்பது ஒன்பது மணி நேரத்திற்கும் மேற்பட்ட காட்சி. அதிலிருந்து 12,000 அடியை, அதாவது இரண்டேகால் மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவானதை, அவர் தேர்ந்தெடுத்தார். நான்கில் மூன்று பங்கை விலக்கினார். கடல்கடந்து போய்க் கெஞ்சியும் காத்திருந்தும் பெற்ற காட்சியை, இது வேண்டாம் என்று வெட்டி வைப்பதற்குத் தேடலினும் பெரிய மனவுறுதி வேண்டும்.

இடையில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஆயினும் 1940-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், தமிழ் விளக்கவுரையோடு அப்படம் சென்னையில் திரைக்கு வந்தது. தெலுங்கிலும் வந்தது, நாடு விடுதலை பெற்ற 1947-இல் இந்தியிலும், 1953-இல் அமெரிக்காவில் ஆங்கிலத்திலும் வெளியாயிற்று. காந்தியடிகளைப் பற்றிய முழுநீள ஆவணப்படம் முதலில் பேசிய மொழிகளில் ஒன்று நம் தமிழ் என்பதை இந்த அவையில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

சிரிப்பின் சாட்சியம்

இனி மற்றவர். நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த என். எஸ். கிருஷ்ணன். வில்லுப்பாட்டிலும் நாடக மேடையிலும் பயின்று, பின்னர் திரைக்கு வந்தவர். ‘கலைவாணர்’ என்பது அவருக்குரிய பட்டமாயிற்று.

கலைவாணர், வசனத்தைப் பிறர் கையிலிருந்து வாங்கி ஒப்பித்துவிட்டுப் போகிற நடிகர் அல்லர். தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்துக்கொள்வார், டி. ஏ. மதுரம் அவருக்குத் துணைநின்றார். 1945-இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தண்டனை பெற்றுச் சிறையிலிருந்தார். 1947-இல் குற்றமற்றவர் என விடுதலையானார். சிறை மீண்ட பின்னும் அவர் சிரிப்பில் கசப்பு ஏறவில்லை. 1949-இல் வெளியான ‘நல்லதம்பி’ மதுவிலக்கைப் பேசிற்று. அப்படத்தில் இடம்பெற்ற கிந்தனார் காலட்சேபம், பழைய நந்தனார் கதையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, கல்வியால் உயரும் ஒடுக்கப்பட்ட சிறுவனின் கதையைச் சொல்லிற்று. காந்தியடிகள் மறைந்தபின் நாகர்கோவிலில் அவருக்கு நினைவுத்தூண் எழுப்பியவரும் கலைவாணரே.

ஒருவர் சான்றைத் தேடி உலகைச் சுற்றினார். மற்றவர் சிரிப்பைத் தேடித் தெருவைச் சுற்றினார். ஆயினும் இருவர் தொழிலுக்கும் மூலதனம் ஒன்றே. ஊன்றிப் பார்க்கும் கண். குடிகாரனின் நடை, போலிப் பக்தனின் குரல், கடன் கேட்பவனின் இழுப்பு ஆகியவற்றைக் கூர்ந்து நோக்காதவன் நம்மைச் சிரிக்கவைக்க இயலாது. அக்கால மக்கள் எவற்றை நம்பினர், எவற்றுக்கு அஞ்சினர், எவற்றைக் கண்டு வெட்கினர் என்பதை அறிய விரும்பும் ஆய்வாளர், அரசுக் கோப்புகளோடு கலைவாணரின் படங்களையும் பார்த்தாக வேண்டும்.

எது எஞ்சியது?

இவ்விருவர் உழைப்பும் பிற்காலத்தில் ஒரே கதியை அடையவில்லை. கலைவாணரின் சிரிப்பு பெருமளவு எஞ்சியது. அது பலருக்கு வேண்டியிருந்தது, பல பிரதிகள் ஓடின, ஊர்தோறும் திரையிடப்பட்டன. செட்டியாரின் படமோ நெடுங்காலம் காணாமற்போயிற்று. ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் தேடலுக்குப் பின், சுருக்கப்பட்ட ஆங்கில வடிவம் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது. உலகெங்கும் சிதறிக்கிடந்ததை ஒன்றாக்கியவரின் படத்தையே, பின்வந்தோர் உலகெங்கும் தேட நேர்ந்தது.

மீண்டு வந்தது ஆங்கிலக் குரல். 1940-இல் சென்னையில் ஒலித்த தமிழ்க் குரல் அன்று. மொழிக்காக உழைக்கும் நமக்கு இதைவிடக் கூர்மையான பாடம் வேண்டுவதில்லை.

செட்டியாரின் எழுத்துகள் பிழைத்தன. படத்துக்காக அலைந்த கதையை அவர் எழுதிய கட்டுரைகள் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என நூலாகியுள்ளன. 1943 முதல் தாம் மறைந்த 1983 வரை நாற்பது ஆண்டுகள் ‘குமரி மலர்’ இதழை நடத்தி, பழைய இதழ்களிலும் நூல்களிலும் புதைந்திருந்தவற்றை எடுத்து மறுபதிப்புச் செய்தார். ‘மலேயா முதல் கனடா வரை’ என்று அவருடைய நூலொன்றுக்குப் பெயர். நம் மண்ணும் அவர் பயணத்தில் ஒரு துறை.

என் பெரியப்பா

இனி, என் வீட்டுக் கதை. ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பிறந்தேன். என் பெரியப்பா அங்கே பால்மரம் வெட்டியவர். திருவிழா நாடகங்களில் அவருக்குப் பபூன் வேடம். அவர் திரைச்சீலையை விலக்கித் தலையை நீட்டினாலே லயத்துப் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிடுவர். அவரே, சீட்டுப் பிடித்த பணத்தில் சிங்கப்பூரில் பழைய எட்டு மில்லிமீட்டர் கேமரா ஒன்றை வாங்கினார். தீமிதி, திருமணம், சம்பள நாள், வெள்ளம் வந்த ஆண்டு என்று படம் பிடித்தார். ஒலியில்லாப் படங்கள். சுவரில் வேட்டியைக் கட்டி ஓட்டிக்காட்டும்போது அருகில் நின்று அவரே விளக்கம் சொல்வார். “அதோ போகிறாரே, அவர் சாமியாடுவதாக நினைக்காதீர்கள், காலில் முள்” என்பார். கூட்டம் சிரிக்கும். ஆவணமும் நகைச்சுவையும் ஓர் ஆளிடம் குடியிருந்ததை நான் கண்டது அங்கேதான்.

தோட்டம் செம்பனைக்கு மாறிற்று, மக்கள் கலைந்தனர். பெரியப்பா மறைந்தபின் அவருடைய பிஸ்கட் டின் என்னிடம் வந்தது. பல ஆண்டுகள் கழித்து வீடு மாறும்போது திறந்தேன். காடியின் நெடி குப்பென்று எழுந்தது. கெட்டுப்போய்விட்டது என்று எண்ணி, டின்னோடு குப்பைத்தொட்டியில் போட்டேன்.

அந்நெடி படச்சுருளின் அடித்தளம் சிதையத் தொடங்கியதன் அறிகுறி என்பதையும், அந்நிலையிலும் பலவேளை காட்சிகளை மீட்டெடுக்க முடியும் என்பதையும் பிற்காலத்தில்தான் அறிந்தேன். ஓர் ஊரின் ஒரே ஏட்டை ஆற்றில் விட்டவன் நான். சுருள் பிழைத்திருந்தாலும், அதில் தெரியும் முகம் எவருடையது, எந்த லயம், எந்த ஆண்டு என்று சொல்லும் தமிழ்க் குரல் பெரியப்பாவோடு போய்விட்டது. நான் அவரிடம் ஒரு நாளும் கேட்டு எழுதிவைக்கவில்லை.

வேண்டுகோள்

ஆகவே இந்த அவையின்முன் இரண்டு வேண்டுகோள்கள். உங்கள் வீட்டு அலமாரியில், கட்டிலடியில் பழைய சுருள், ஒளிநாடா, புகைப்படம் இருந்தால் எறியாதீர்கள். சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாறுகளைத் திரட்டி வருகிறது. 2005-இல் தொடங்கப்பெற்ற ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் இங்கே உண்டு. வழி கேட்டுச் செல்லுங்கள்.

இரண்டாவது, அதனினும் எளியது. இன்றிரவே வீட்டு முதியவர் அருகில் அமர்ந்து ஒரு படத்தைக் காட்டுங்கள். இவர் யார், இது எந்த ஊர், அன்று எதற்காகச் சிரித்தீர்கள் என்று கேளுங்கள். சொல்வதைத் தமிழிலேயே, அவர் சொன்ன சொற்களிலேயே, படத்தின் பின்புறம் எழுதிவையுங்கள்.

செட்டியார் ஒரு லட்சம் மைல் சென்றார். நமக்குக் கூடத்திலிருந்து அறைவரை சென்றால் போதும்.